கண்ணில் படாததைக் காதில் காட்டுவது: வானொலி நாடகம் எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வானொலி நாடகம் எழுத உட்காருகிறவர்களுக்கு வசனம் பெரும்பாலும் தானாக வந்துவிடும். பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு எதையாவது செய்யத் தொடங்கும் இடத்தில்தான் பேனா நிற்கும். ஒருத்தி கடிதத்தைக் கிழிக்கிறாள். ஒருவன் சுவரேறிக் குதிக்கிறான். ஒரு குழந்தை தவழ்ந்து தவழ்ந்து கிணற்றடிக்குப் போகிறது. மேடையில் நடிகர் செய்து காட்டுவார், சினிமாவில் கேமரா காட்டிவிடும். வானொலியில் என்ன செய்வது என்று தெரியாமல், "இதோ, உன் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழிக்கிறேன் பார்!" என்று எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரியிலேயே நேயர் நாடகத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். ஒரு திரைப்படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி ஒலிபரப்புவார்கள். பேச்சு புரியும், பாட்டு புரியும். திடீரென்று வயலின்கள் மேலே ஏறும், எதுவோ உடையும், யாரோ அலறுவார்கள். யார் யாரை என்ன செய்தார் என்பது படம் பார்த்தவருக்கு மட்டும்தான் வெளிச்சம். கண்ணுக்காக எழுதியதை அப்படியே காதுக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். ஒரு சத்தத்தின் அர்த்தம் அந்தச் சத்தத்துக்குள் இல்லை. அது கேட்பதற்கு முன் நேயருக்கு என்ன தெரிந்திருந்தது, கேட்ட பிறகு யார் எப்படி மாறினார் என்பதில்தான் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால், எந்தச் செயலையும் வானொலியில் நடத்திக் காட்டலாம்.

சரி, ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அதை வைத்தே பார்ப்போம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். அலமேலு, அறுபது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை. மகன் சேகர் திருப்பூரில் கடன்பட்டு ஊருக்கு வந்திருக்கிறான். வீட்டுப் பத்திரம் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. ராத்திரி அம்மா தூங்கும்போது மகன் அதை எடுக்கிறான். வேண்டுமென்றே கடினமானதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்: திருடுகிறவன் சத்தமே வராமல்தான் எல்லாவற்றையும் செய்வான்.

முதல் முயற்சியில் பலரும் எழுதுவது இப்படி இருக்கும்:

சேகர்: (தனக்குள்) அம்மா அசந்து தூங்குகிறாள். இதுதான் சமயம். மெதுவாகப் பெட்டியைத் திறக்கிறேன்... ஆ! இதோ பத்திரம்!

யாரும் இப்படிப் பேச மாட்டார்கள் என்பது இதில் சின்னக் குறை. நேயருக்குச் செய்ய எந்த வேலையும் இல்லை என்பதுதான் பெரிய குறை. எல்லாவற்றையும் சேகரே சொல்லிவிட்டதால், கூர்ந்து கேட்க வேண்டிய அவசியம் போய்விட்டது. கூர்ந்து கேட்காதவருக்குப் பயமும் வராது.

படி 1: நடப்பதை எல்லாம் எழுதி, பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள்

காட்சியில் உடல் செய்யும் காரியங்களை வரிசையாக எழுதுங்கள். சேகர் எழுந்திருக்கிறான். கூடத்தைக் கடக்கிறான். அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியை உருவுகிறான். பூட்டைத் திறக்கிறான். மூடியைத் தூக்குகிறான். புடவைகளை விலக்குகிறான். பத்திரத்தை எடுக்கிறான். மூடுகிறான். வெளியே போகிறான்.

இதில் நேயருக்குக் கட்டாயம் தெரிய வேண்டியவை எவை? நான் பார்த்தவரை இரண்டுதான். பெட்டி திறக்கிறது. அது அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. மற்றவற்றை நேயர் தானாகவே நிரப்பிக்கொள்வார்.

சாவியை உருவும் இடம் வானொலியில் படாத பாடு படுத்தும். சாவிக்கொத்து குலுங்கும் ஓசை பாத்திரம், வளையல், சில்லறை எல்லாவற்றோடும் குழம்பும். அதனால் பூட்டையே எடுத்துவிடலாம். 'இந்த வீட்டுல யாருக்குடா பூட்டு' என்று அம்மா பகலில் சொல்லியிருந்தால், காரியம் எளிதாகும், கதைக்கும் ஒரு வலி கூடும். காட்ட முடியாத செயல் வந்தால் உடனே ஒலியைத் தேடி ஓட வேண்டாம். அந்தச் செயல் கதைக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள்.

அடிதடிக்கும் இதே கதைதான். இரண்டு நிமிடம் முனகலும் தடாலும் கேட்டால் யார் ஜெயிக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அடிக்கு முந்தைய மிரட்டலை எழுதுங்கள், அப்புறம் நேராக வீட்டு வாசலில், "ஏன்டா சட்டையெல்லாம் இப்படி இருக்கு? வாயைத் திற, பல்லைக் காட்டு" என்று ஒரு அக்கா கேட்பதை எழுதுங்கள். நடுவில் நடந்த சண்டையை நேயர் தன் மனத்துக்குள் நடத்திக்கொள்வார். நாம் ஸ்டுடியோவில் நடத்துவதைவிட அது கொடூரமாகவே இருக்கும்.

படி 2: மைக் யாரோடு இருக்கிறது என்று தீர்மானியுங்கள்

சினிமாக்காரர் கேமராவை எங்கே வைப்பது என்று யோசிப்பதைப் போல, நாம் காதை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் மைக்கை எப்போதும் செயலைச் செய்கிறவரோடு வைத்துவிடுகிறார்கள். அவருக்கோ தான் செய்வது தெரியும், அதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அதனால்தான் அவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்.

மைக்கை எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். செய்கிறவரிடம் வேண்டாம், கேட்கிறவரிடம் வையுங்கள். நம் காட்சியில் அது அம்மா. இருட்டில், கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். நேயரும் அதே நிலையில்தான் இருக்கிறார். இரண்டு பேருக்கும் காது மட்டும்தான் துணை. இப்போது அவருக்குக் கேட்பதெல்லாம் நேயருக்கும் கேட்கும், அவர் ஊகிப்பதை நேயரும் ஊகிப்பார்.

வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, 1924 ஜனவரி 15 அன்று பிபிசியில் ஒலிபரப்பான ரிச்சர்ட் ஹியூஸின் நாடகம். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைப் பார்க்கப் போனவர்கள் விளக்கணைந்து உள்ளே மாட்டிக்கொள்வதுதான் கதை. பாத்திரங்களுக்கும் கண் தெரியாது, நேயருக்கும் தெரியாது. பார்க்க முடியாமைதான் அந்த நாடகத்தின் களமே. நூறு ஆண்டு கடந்தும் இதைவிடச் சுத்தமான வழி வேறு எதையும் நான் பார்க்கவில்லை. எல்லாக் கதையையும் இருட்டில் வைக்க முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒருவருக்கு எதுவோ மறைந்திருக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர், தொலைபேசியில் இருப்பவர், படுக்கையை விட்டு எழ முடியாத தாத்தா, அடுப்படியில் இருந்துகொண்டு திண்ணைப் பேச்சைக் கேட்பவர். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

படி 3: சத்தத்தை முன்கூட்டியே நட்டு வையுங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் தாங்குகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மழை பெய்வது, எண்ணெயில் அப்பளம் பொரிவது, தூரத்தில் கூட்டம் கைதட்டுவது: இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் பிரித்துச் சொல்வது சிரமம். ஸ்டுடியோவில் செல்லோபேன் தாளைக் கசக்கினால் நெருப்பு எரியும். கொட்டாங்கச்சி இரண்டைத் தட்டினால் குதிரை ஓடும். தகரத் தகட்டை ஆட்டினால் இடி இடிக்கும். நேயர் ஏமாறுவதாக இதற்கு அர்த்தமில்லை. 'குதிரையில் வருகிறார்' என்று முன்னால் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் கொட்டாங்கச்சி குதிரையாகிறது. யாரும் சொல்லாவிட்டால் நிஜக் குதிரையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தாலும் அது வெறும் டக் டக்தான்.

தானாகவே பேசும் ஒலிகள் கொஞ்சம் உண்டு. கெட்டிமேளம் கொட்டினால் தாலி ஏறிவிட்டது, வேறு ஒரு சொல் வேண்டாம். அந்தக் கெட்டிமேளம் தொடங்கி நடுவில் அறுந்தால் கல்யாணம் நின்றுவிட்டது, அதற்கும் சொல் வேண்டாம். சங்கும் சேகண்டியும் கேட்டால் தெருவில் ஒரு சாவு. குக்கர் விசில், ரயில், சைக்கிள் மணி, கோயில் மணி எல்லாம் இந்த வகை. ஆனால் இந்தப் பட்டியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. கிணற்று ராட்டினத்தின் கிறீச்சும் தந்தி அனுப்பும் கருவியின் 'கட்டுக்கட்டு' ஓசையும் இன்று இருபது வயதில் இருப்பவருக்கு எந்தப் படத்தையும் தராது. உங்களுக்குத் தெரியும் என்பதற்காக அவருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

நட்டு வைப்பது எளிது. அந்த ஒலியை ஒரு முறை, ஆபத்தில்லாத நேரத்தில், வெளிச்சத்தில், பெயரோடு அறிமுகம் செய்துவிடுங்கள். நம் கதையில் பகல் காட்சி ஒன்று:

(பெட்டி மூடி நீளமாகக் கீச்சிடுகிறது.)
அலமேலு: இந்தப் பெட்டிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுடான்னு வந்த அன்னிக்கே சொன்னேன். இது கத்துற கத்துல பக்கத்து வீட்டுக்காரி எழுந்து வந்துடுவா.
சேகர்: விடுறேம்மா. பூட்டு எங்க?
அலமேலு: இந்த வீட்டுல யாருக்குடா பூட்டு? நீயும் நானுந்தானே.
(மூடி கீச்சிட்டு, டப்பென்று விழுகிறது.)

இந்த ஐந்து வரியில் நாலு வேலை முடிந்தது. கீச்சு என்றால் அந்தப் பெட்டி, டப் என்றால் அந்த மூடி, பூட்டு கிடையாது, சத்தம் வந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். நேயருக்கு இதெல்லாம் பாடமாகத் தெரியாது, ஒரு தாயின் அலுப்பாகத்தான் கேட்கும். இப்போது ராத்திரி:

(சுவர்க்கோழி. பழைய மின்விசிறி சீராகக் 'கடக்... கடக்' என்கிறது. மைக்குக்கு அருகில் அலமேலுவின் குறட்டை.)
(தள்ளி: மூடியின் கீச்சு. தொடங்கியதும் நிற்கிறது.)
(குறட்டையும் நிற்கிறது. விசிறி மட்டும்.)
(குறட்டை மீண்டும் தொடங்குகிறது, முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாக.)
(கீச்சு, மிக மெதுவாக, நீளமாக. துணி சரசரக்கிறது.)
அலமேலு: (மைக்குக்கு மிக அருகில், தணிந்த குரலில்) அடியில இருக்கு. கல்யாணப் புடவைக்குக் கீழ. கலைக்காம எடு.
(மூடி டப்பென்று விழுகிறது.)

சேகர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் திறந்தான், பயந்து நிறுத்தினான், மறுபடி துணிந்தான், தேடினான், அகப்பட்டுக்கொண்டான். எல்லாம் தெரிந்தது. இரண்டாவது குறட்டை பொய்க் குறட்டை என்பது அம்மா பேசிய பிறகுதான் நேயருக்கு உறைக்கும். மகன் பயப்படாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் தூங்குவதுபோல நடித்திருக்கிறார். அந்தக் காட்சியின் மிகப் பெரிய செயல் அதுதான். அதற்கென்று தனியாக ஓர் ஒலியும் தேவைப்படவில்லை.

படி 4: செயலைச் சொல்லும் வாக்கியங்களின் வடிவத்தை மாற்றுங்கள்

ஒலியால் முடியாத இடத்தில் பேச்சுதான் உதவ வேண்டும். அப்போது 'நான் செய்கிறேன்', 'நீ செய்கிறாய்' என்ற வடிவத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நிஜ வாழ்க்கையில் செயலுக்கு நடுவே மனிதர்கள் கட்டளையிடுவார்கள், தடுப்பார்கள், கேட்பார்கள், குறை சொல்வார்கள். 'விளக்கை ஏற்றுகிறேன்' என்பவர் யாருமில்லை. 'தீப்பெட்டி நமுத்துப் போச்சு, வேற இருக்கா?' என்பவர்தான் உண்டு.

தடுப்பதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. ஒரு மழை ராத்திரி, வீட்டுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது, அக்காவும் தங்கையும் மட்டும்.

அக்கா: தங்கம், காலைக் கீழ வைக்காத.
தங்கம்: ஏன்க்கா?
அக்கா: வைக்காதன்னா வைக்காத. கட்டில் மேலயே இரு. ஆடாத. அந்த டார்ச்ச மட்டும் இப்படித் தூக்கிப் போடு.

பாம்பு என்ற சொல்லே வரவில்லை. தண்ணீர் ஏறினால் புற்றிலிருந்து எல்லாம் வெளியே வரும் என்று இரண்டு நிமிடம் முன்னால் யாராவது பேசியிருந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் நேயருக்கு அது தெரிந்துவிடும்.

நம் பேச்சில் இதற்கென்றே சின்னச் சின்னச் சொற்கள் கிடக்கின்றன. 'இந்தா' என்றால் ஒரு பொருள் கைமாறுகிறது. 'உஸ்ஸ்... அப்பாடா' என்றால் களைத்தவர் உட்கார்ந்துவிட்டார். 'ஸ்ஸ்' என்றால் கையில் சுட்டுவிட்டது அல்லது முள் குத்திவிட்டது. 'ப்ச்' என்றால் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. இவற்றை நடிகர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் பிரதியிலேயே எழுதுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் செயல்தான். பேசாமல் இருக்கும் பாத்திரம் வானொலியில் சீக்கிரமே மறைந்துவிடும். அறையில் நாலு பேர் இருந்து இருவர் மட்டும் பேசினால், மற்ற இருவரும் போய்விட்டதாகவே நேயர் நினைப்பார். அவ்வப்போது ஒரு இருமல், ஒரு 'ம்', அல்லது யாராவது "பெரியம்மா, நீங்க சொல்லுங்க" என்று கேட்பது அவரை அறையில் வைத்திருக்கும். மாமா, அத்தை, மதினி, மாப்ளே என்று நம்மிடம் இருக்கும் உறவுச் சொற்கள் ஒரே மூச்சில் ஆளையும் சொல்லும், உறவையும் சொல்லும். பெயரையே ஒவ்வொரு வரியிலும் திணிப்பதைவிட இது இயல்பாக இருக்கும்.

வட்டார வழக்கும் அப்படித்தான். "ஏனுங்க" என்று ஒருவர் தொடங்கினால் கொங்கு நாடு வந்துவிட்டது. "என்ன செய்யிறியள்?" என்றால் யாழ்ப்பாணம். இடத்தைச் சொல்ல ஒரு வரி மிச்சம். இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களைக் கடலுக்கு இந்தப் பக்கம் கேட்டவர்கள் பலர், அந்த வீடுகளையும் தெருக்களையும் போய்ப் பார்க்காமலே அறிந்துகொண்டது அந்தப் பேச்சு வழியாகத்தான்.

படி 5: தூரத்தை எழுதுங்கள்

வானொலியில் நகர்வது என்றால் மைக்குக்கும் குரலுக்கும் உள்ள இடைவெளி மாறுவதுதான். '(தள்ளி)', '(நெருங்கி வந்தபடி)', '(மைக்கை விட்டு விலகி)', '(கதவுக்கு வெளியிலிருந்து)' என்று நாலைந்து குறிப்புகள் போதும். ஒரு வாக்கியத்தைத் தூரத்தில் தொடங்கி அருகில் முடித்தால் ஆள் நடந்து வந்துவிட்டார். அதற்குமேல் காலடி ஓசை வேண்டியதில்லை.

காலடி ஓசையில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. யார் நடந்தாலும் டக் டக் என்று போடுவது நாடகத்தைக் கெடுக்கும். வருகிறவர் யார் என்பது சஸ்பென்ஸாக இருக்கும்போதோ, நடையே குணத்தைச் சொல்லும்போதோ மட்டும் எழுதுங்கள். கொலுசு, மெட்டி, ரப்பர் செருப்பு, ஊன்றுகோல் என்று என்ன நடை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கொலுசொலி ஒரு நாள் கேட்காமல் போனால், அதுவே ஒரு செய்தி.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கிய காலத்தில் நாடகங்கள் நேரடியாகவே போயின. நடிகர்களும் ஒலி கொடுப்பவரும் ஒரே ஸ்டுடியோவில் நிற்பார்கள். இன்று தனித்தனியாகப் பதிவு செய்து கணினியில் சேர்க்கிறோம். அதனாலேயே தூரக் குறிப்பு முன்பைவிட முக்கியமாகிவிட்டது. இரண்டு நடிகர்கள் இரண்டு நாட்களில் பேசியதைச் சேர்க்கும்போது, ஒருவர் அருகிலும் ஒருவர் எட்டியும் இருக்க வேண்டும் என்பதைப் பிரதிதான் சொல்ல வேண்டும். இடது காதில் ஒருவர், வலது காதில் ஒருவர் என்று ஸ்டீரியோவை நம்பிக் காட்சியை எழுத வேண்டாம். பலர் செல்போனின் ஒற்றை ஸ்பீக்கரில், அடுப்படி வேலைக்கு நடுவேதான் கேட்கிறார்கள்.

படி 6: மௌனத்துக்கு அடியில் ஏதாவது ஓடட்டும்

வெறும் மௌனம் வானொலியில் ஆபத்தானது. சில வினாடிகள் போனாலே ரேடியோ நின்றுவிட்டதா, நெட் போய்விட்டதா என்று நேயரின் கை நீளும். ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றால் அந்த மௌனத்துக்கு அர்த்தம் வந்துவிடும். அலமேலுவின் குறட்டை நின்றபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த விசிறி இல்லாவிட்டால் குறட்டை நின்றதே தெரிந்திருக்காது.

முழு மௌனத்தைத் துணிந்து கையாண்டதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழு நிகழ்த்திய செவ்வாய் கிரகப் படையெடுப்பு நாடகத்தில், களத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கும் செய்தியாளரின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்துபோகிறது. தொடர்ந்து வெற்று ஒலிபரப்பு. அவர் எப்படிச் செத்தார் என்று யாரும் விவரிக்கவில்லை. அவர் பேசுவது நேரடி ஒலிபரப்பு என்று அதற்கு முன்பே நிறுவிவிட்டதால், லைன் அறுந்ததே மரணமாகிவிட்டது. வெறும் மௌனம் எழுத வேண்டுமென்றால் இந்த அளவுக்கு முன்வேலை செய்திருக்க வேண்டும்.

படி 7: பெரிய நிகழ்ச்சியைச் சிறிய இடத்திலிருந்து கேளுங்கள்

வெள்ளம், தீ, கலவரம், விபத்து என்றதும் எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கொட்டத் தோன்றும். கொட்டினால் வருவது இரைச்சல்தான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. இதை நாடகமாக எழுதினால் நான் மைக்கை ரயிலுக்குள் வைக்க மாட்டேன். உள்ளே அலையும் அலறலும் இரும்பு நொறுங்குவதும் ஒன்றோடொன்று கலந்துவிடும், ஒருவரின் முகமும் தெரியாது. தனுஷ்கோடி நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்து அவரிடம் கொடுப்பேன். அவருடைய மகள் அந்த வண்டியில் வருகிறாள். காற்றில் தகரக் கூரை அடித்துக்கொள்கிறது. தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்கிறது. "வந்துட்டா" என்கிறார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, ஆறிப்போயிருக்கிறதா என்று பார்க்கிறார். மறுபடி ஊதல், இந்த முறை நீளமாக. அதன் பிறகு தகரக் கூரை மட்டும் அடித்துக்கொண்டேயிருக்கிறது. அவர் ஒருமுறை, "இந்நேரம் வந்திருக்கணுமே" என்கிறார். நேயருக்கு அவருக்கு முன்பே புரிந்துவிடும். அந்தச் சில வினாடிகள் அவர் அறியாததை நாம் அறிந்திருப்போம், அதைத்தான் தாங்க முடியாது.

மக்கள் கூட்டத்துக்கும் இதே வழி. ஆயிரம் பேர் கோஷத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, கூட்டத்தில் அப்பாவின் கையைத் தவறவிட்ட ஒரு குழந்தையின் குரலை முன்னால் வையுங்கள்.

படி 8: கதைசொல்லியை எங்கே அழைப்பது

கதைசொல்லியை வைப்பது தவறு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறு மாதம் கடந்துவிட்டது, ஊர் மாறிவிட்டது, ஒருவரின் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதையெல்லாம் கதைசொல்லி ஒரே வரியில் முடித்துக்கொடுப்பார். நடந்துகொண்டிருக்கும் செயலை மட்டும் அவரிடம் ஒப்படைக்காதீர்கள். 'சேகர் மெல்லப் பெட்டியைத் திறந்தான்' என்று அவர் சொன்ன கணத்தில் அது நடந்து முடிந்த சமாசாரமாகிவிடுகிறது.

படி 9: ஒலிக்குறிப்பை எழுதும் முறை

ஒலிக்குறிப்பைத் தனி வரியில், அடைப்புக்குறிக்குள், வரிசை எண் கொடுத்து எழுதுங்கள். 'ஒலி 14' என்று எண் இருந்தால் பதிவின்போது தேடி அலைய வேண்டாம். வசனத்துக்கு நடுவில் ஒளித்து வைத்தால் தயாரிப்பாளர் கண்ணில் படாமலே போய்விடும்.

குறிப்பில் எதனால் அந்த ஒலியை எழுப்ப வேண்டும் என்று சொல்லித்தர வேண்டாம், அது எஃபெக்ட்ஸ் கொடுப்பவரின் கைவேலை. அந்த ஒலி எதைச் சொல்ல வேண்டும் என்பதை எழுதுங்கள். '(கதவு மூடும் ஓசை)' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. '(கதவு ஓங்கி அறையப்படுகிறது, தாழ்ப்பாள் மாட்டாமல் மறுபடி திறந்துகொள்கிறது)' என்று எழுதினால் கோபமும் கேட்கும், கோபம் கொண்டவரின் இயலாமையும் கேட்கும். பின்னணி ஒலி எங்கே தொடங்குகிறது என்று எழுதுகிற பலர், எங்கே ஓய்கிறது என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். மழை தொடங்கிய நாடகத்தில் எங்காவது மழை நிற்க வேண்டும், அல்லது கடைசிவரை பெய்ய வேண்டும்.

எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வேண்டும். ஒரு காட்சியில் நேயர் மனத்தில் நிற்பது இரண்டு மூன்று ஒலிகள்தான். ஒரு குறிப்பை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை புரிகிறது, உணர்ச்சியும் குறையவில்லை என்றால் அந்தக் குறிப்பு வேண்டாம்.

படி 10: கண்ணை மூடியிருப்பவரிடம் சோதித்துப் பாருங்கள்

செல்போனிலேயே பதிவு செய்யலாம். ஒலிகளைக் கையில் கிடைத்ததைக் கொண்டு கொடுங்கள்: ஒரு டம்ளர், ஒரு கதவு, ஒரு புடவை. கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்பார்கள். "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேளுங்கள். அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் எங்கே நின்றார்கள், கடைசியில் அந்தப் பொருள் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒலியைப் பெரிதாக்கவும் வேண்டாம், இன்னொரு ஒலியைச் சேர்க்கவும் வேண்டாம். அதற்கு முந்தைய பக்கத்துக்குத் திரும்புங்கள். அந்த ஒலிக்கு அறிமுகம் கிடைத்திருக்கிறதா, அந்தப் பாத்திரம் கடைசியாக எப்போது பேசியது, மைக் யாரோடு இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வரி குறைந்திருக்கும். அதைச் சேர்த்த பிறகு, இதுவரை கேட்காத வேறு ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். முதலில் கேட்டவருக்கு இப்போது கதை தெரியும், அவர் காது இனி இதற்கு உதவாது.